கப்பிக்கு நிறை கிடையாது

"கப்பிக் கணக்கு என்பது மனித குலம் இதுவரை தவறாகவே போட்டுக்கொண்டிருந்த ஒரு கணக்கு. அதைத் திருத்துவதற்காகத்தான் நான் கள்ளக்குறிச்சியில் பிறந்தேன்."

அரங்கநாதன் சார் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. சங்கராபுரம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். பிள்ளையை டாக்டராக்க வந்தவர்கள் சிரிக்க வருவதில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு கரும்பு விவசாயி எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அரங்கநாதன் அதிவேக நீட் அகாடமியின் நிறுவனர், இயக்குநர், முதன்மைச் சிந்தனையாளர் ஆகிய மூவரும் அரங்கநாதன் சாரேதான். அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து, அங்கே பாடம் நடத்தச் சொல்லித் தொந்தரவு செய்ததால் விருப்ப ஓய்வு பெற்றவர். நான் அவரிடம் சந்தேக நிவர்த்தி உதவியாளன். பெயருக்குக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், மற்ற நேரமெல்லாம் அகாடமி. மாணவர்களுக்குச் சந்தேகம் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மீறி வந்துவிட்டால், அது மாடிப்படி ஏறி இயக்குநர் அறைவரை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கப்பிக் கணக்கு தெரியாதவர்களுக்காக: ஒரு சக்கரம், அதன் மேல் ஒரு கயிறு, கயிற்றின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கட்டை. கனமான கட்டை எவ்வளவு முடுக்கத்தோடு இறங்கும் என்று கேட்பார்கள். உலகம் முழுக்க இதற்கு முதலில் ஒரு படம் போடுவார்கள். வட்டம், கயிறு, எந்த விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காட்டும் அம்புக்குறிகள். பிறகுதான் கணக்கு.

"படம் போட ஒண்ணரை நிமிஷம் ஆவுது," என்றார் சார். "அந்த ஒண்ணரை நிமிஷத்துல உங்க புள்ளயோட சீட்டு வேற மாவட்டத்துக்குப் போயிடுது. படம் போடறவன் பெயிண்டர் ஆவலாம், டாக்டர் ஆவ முடியாது. எங்கிட்ட படிக்கிற புள்ள பென்சிலையே தொடாது. மேல கழி, கீழ கூட்டு, பத்தால பெருக்கு. முடிஞ்சுது."

இதுதான் அவருடைய அதிவேக முறை. இரண்டு கட்டைகளின் நிறையை மேலே கழிக்க வேண்டும், கீழே கூட்ட வேண்டும், வகுத்துப் பத்தால் பெருக்க வேண்டும். கழிக்கும்போது வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, கூட்டும்போது இடது கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, வகுப்பே ஒரே குரலில் சொல்லும். தெருவில் போகிறவர்கள் பரதநாட்டியப் பள்ளி என்று நினைத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்க்க வந்திருக்கிறார்கள். அவர்களையும் நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

தினமும் காலையில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் உறுதிமொழி. "கப்பிக்கு நிறை கிடையாது. கயிறு நீளாது. உராய்வு என்பது இல்லவே இல்லை." மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லும்போது கடைசி வரிசைப் பையன்கள் இடமில்லாமல் ஒருவரோடு ஒருவர் உரசிக்கொண்டு நிற்பார்கள்.

இந்த மூன்றும் பொய்யல்ல. இயக்க விதிகள் பாடத்தில் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அப்படி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆனால் சுழற்சி இயக்கம் என்று பின்னால் ஒரு பாடம் வருகிறது. அங்கே கப்பிக்கு நிறை வந்துவிடுகிறது. கட்டை இறங்கினால் மட்டும் போதாது, சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றிவிட வேண்டும். அதனால் முடுக்கம் கொஞ்சம் கம்மியாகும், கயிற்றின் இரண்டு பக்க இழுவிசையும் வேறு வேறாகும். அந்தப் பாடம் வந்தபோது எங்கள் உறுதிமொழியை மாற்றுவதற்கு வழியில்லாமல் போயிற்று. ஃப்ளெக்ஸில் அடித்து, ஐ.டி. கார்டின் முதுகில் அச்சிட்டு, சாருடைய காரின் பின்கண்ணாடியிலும் ஒட்டியாகிவிட்டது. இயற்கைதான் அனுசரித்துப் போக வேண்டியிருந்தது.

படம் போடுவதைத் தடுக்க, பி.இ.டி. மாஸ்டர் தலைமையில் பறக்கும் படை அமைக்கப்பட்டது. முதலில் பென்சில்களைப் பிடுங்கினார்கள். பிறகு அழிரப்பர்கள், ஏனென்றால் வரையாதவனுக்கு அழிக்க என்ன இருக்கிறது. பிறகு காம்பஸ் பெட்டி. ஒரு மாணவன் வட்ட வடிவ டிபன் பாக்ஸ் மூடியைச் சந்தேகப்படும்படி பார்த்துக்கொண்டிருந்ததால் அடுத்த நாளிலிருந்து சதுர டிபன் பாக்ஸ் கட்டாயமானது. கடைசியாக, அம்புக்குறி என்பது விசைப்படத்தின் ஒரு பகுதி என்பதால், கழிவறைக்கு வழிகாட்டிய அம்புக்குறியையும் சுவரிலிருந்து சுரண்டி எடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சில நாள் மிகவும் கஷ்டப்பட்டன.

இந்த அகாடமியில்தான் எழில்மதி படித்தாள்.

வடக்கனந்தல் பெண். அப்பா இல்லை. அம்மா பச்சையம்மாள் கரும்பு வெட்டுக்கும் களை எடுக்கவும் போகிறவர். எழில்மதி 'மலையடிவார ஒளி' பேட்ச். ஏழைப் பிள்ளைகளுக்கான இலவச பேட்ச் அது. கருணாபுரத்தில் சாராயச் சாவுகள் நடந்த வருடம், ஊரில் வசதியுள்ளவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றை அறிவித்துக்கொண்டிருந்தபோது சாரும் இதை அறிவித்தார். கருணாபுரத்திலிருந்து ஒருவரும் சேரவில்லை. நுழைவுத்தேர்வு வைத்திருந்தார்.

பணம் கட்டும் பிள்ளைகளுக்குக் கீழே ஏ.சி. வகுப்பு. ஒளி பேட்சுக்கு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. அங்கிருந்து பார்த்தால் கல்வராயன் மலை நன்றாகத் தெரியும். 'மலைக்காட்சியுடன் கூடிய வகுப்பறை' என்று நோட்டீஸில் போட்டிருந்தோம். ஒரே ஒரு நிபந்தனை: மாதத் தேர்வில் கட்-ஆஃபுக்குக் கீழே போனால் இலவச இருக்கை போய்விடும். எழில்மதிக்கு இருக்கை போனால் எங்கே போக வேண்டும் என்பதும் முடிவாகியிருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் பிடிப்பவரிடம் அவளுடைய மாமா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

அந்த மாதத் தேர்வில் ஒரு கப்பிக் கணக்கு வந்தது. ஒரு பக்கம் ஆறு கிலோ, மறு பக்கம் மூன்று கிலோ, நடுவில் இரண்டு கிலோ நிறையுள்ள வட்டுக் கப்பி. முடுக்கம் என்ன? கேள்வியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தார்கள். விடையை மட்டும் எங்கள் முறையில் போட்டிருந்தார்கள். மேலே கழித்தால் மூன்று, கீழே கூட்டினால் ஒன்பது, பத்தால் பெருக்கினால் மூன்று புள்ளி மூன்று மூன்று. கொட்டகை முழுக்க அதையே எழுதியிருந்தது. எழில்மதி மட்டும் மூன்று என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு கேள்வியால் கட்-ஆஃபுக்குக் கீழே போய்விட்டாள்.

சந்தேக நிவர்த்தி அறைக்கு வந்தாள். முன்பு ஜெனரேட்டர் இருந்த அறை அது, டீசல் வாசனை இன்னும் போகவில்லை.

"அண்ணா, இதுக்கு மூணுதானே வரணும்?"

"ஆன்சர் கீ-ல இன்னா போட்டுக்கீது?"

"மூணு புள்ளி மூணு மூணு."

"அப்பறம் இன்னா?"

"கேள்வியிலயே கப்பிக்கு ரெண்டு கிலோன்னு எழுதிக்கீதேண்ணா. அத சும்மாவா எழுதுவாங்க?"

அகாடமியின் வரலாற்றில் கேள்வியை முழுதாகப் படித்த முதல் மாணவியை நான் அன்றுதான் பார்த்தேன். நானும் போட்டுப் பார்த்தேன். மூன்றுதான் வந்தது.

"தீனதயாளன் சாரப் பாரு," என்று சொல்லி, நானும் கூடப் போனேன்.

தீனதயாளன் எங்கள் இயற்பியல் ஆசிரியர். வெள்ளிமலைக்காரர். சங்கடமான எதையாவது கேட்டால் மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பார். காலை பத்து மணிக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். அவர் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்துக் கணக்குப் போட்டார்.

"மூணு," என்றார். "ஆனா நான் சொல்லல."

"அப்ப மார்க்கு சார்?"

"தோ பாரும்மா. கப்பிக்கு நிறை இருக்குதுன்னு எனக்கும் தெரியும். ஆனா ஒரு கப்பிக்குக் குடுத்துட்டா, நாளைக்கு எல்லாக் கப்பிக்கும் குடுக்கணும். அப்பறம் கயிறு கேக்கும். நிர்வாகம் தாங்குமா?" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

நாங்கள் வெளியே வரவும் பறக்கும் படை எதிரே வரவும் சரியாக இருந்தது. பி.இ.டி. மாஸ்டருக்கு ஒரு கணக்கு உண்டு: ஒருத்தி மட்டும் வேறு விடை எழுதியிருந்தால் அவள் நிச்சயம் படம் போட்டிருக்கிறாள். கையை நீட்டச் சொன்னார். இடது உள்ளங்கையில், பேனாவால், சின்னதாக ஒரு வட்டம். இரண்டு பக்கமும் கோடு. நான்கு அம்புகள்.

மாஸ்டர் அதைப் பல கோணங்களில் செல்போனில் படமெடுத்தார். சாட்சியம் என்பதால் விசாரணை முடியும்வரை கையைக் கழுவக் கூடாது என்று உத்தரவிட்டார். இடது கை என்பதால் சாப்பாட்டுக்கு ஒன்றும் இடைஞ்சல் இல்லை என்பதையும் அவரே கருணையோடு சுட்டிக்காட்டினார்.

மறுநாள் இயக்குநர் அறையில் விசாரணை. தீனதயாளன், பி.இ.டி. மாஸ்டர், நான் எல்லோரும் இருந்தோம். பச்சையம்மாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். காலில் வயல் சேறு காய்ந்து அப்படியே இருந்தது. அரங்கநாதன் சார் மரியாதை தெரிந்தவர், அறையில் காலி நாற்காலி இல்லையென்றாலும் "உக்காருங்கம்மா" என்றார். பச்சையம்மாள் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார்.

"உங்க பொண்ணு படம் போடுது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க சார். இன்னா படங்க?"

சார் செல்போனைக் காட்டினார். பச்சையம்மாள் அந்த வட்டத்தையும் அம்புகளையும் வெகுநேரம் பார்த்தார். அதில் அசிங்கமாக ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது. பிறகு சாருடைய முகத்தைப் பார்த்தார், நிம்மதி போய்விட்டது.

"இது ஒரே கயிறும்மா," என்றார் சார். "இந்தப் பக்கம் இழுவிசை நாப்பத்திரெண்டாம், அந்தப் பக்கம் முப்பத்தொம்பதாம். ஒரே கயித்துல ரெண்டு விதமா இழுவைன்னு உங்க பொண்ணு சொல்லுது. யோசிச்சுப் பாருங்க. இன்னிக்குக் கயித்தச் சொல்லும். நாளைக்கு இதே அகாடமியில கீழ ஒரு மாதிரி, மாடியில ஒரு மாதிரின்னு சொல்லும். இதெல்லாம் எங்க போயி முடியும்?"

கீழே ஏ.சி. ஓடுகிற சத்தம் தரை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கயிறு எங்களுது இல்லீங்க சார்," என்றார் பச்சையம்மாள்.

"எத்தினியோ வருஷமா புள்ளைங்கள இந்த முறையிலதான் அனுப்பிக்கினு இருக்கேன். ஒருத்தனாவது வந்து கப்பிக்கு நிறை இருக்குதுன்னு சொன்னானா? சொல்லல. ஏன்னா எவனும் கப்பியப் பாக்கல. பாக்காத வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு. ஒரு புள்ள பாத்துட்டா, பக்கத்துல இருக்கிற புள்ளயும் பாக்கும். அப்பறம் ஃபீஸ் கட்டுறவங்க பாப்பாங்க. ஒரு கல்வி நிறுவனம் எதை வேணா தாங்கும்மா, படிக்கிறதத் தாங்காது."

கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகு அவருக்கே ஏதோ இடித்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்தார். பிறகு தீனதயாளன் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார். துறை வல்லுநர். கப்பிக்கு நிறை இருக்கா, இல்லியா?"

தீனதயாளன் எழுந்து நின்றார். சாத்துவதற்குக் கதவைத் தேடினார், அது ஏற்கெனவே சாத்தியிருந்தது.

"அது வந்து... பேட்சைப் பொறுத்தது சார்," என்றார்.

"குறிச்சுக்கோங்க," என்றார் சார், பி.இ.டி. மாஸ்டரிடம். சார் அதைத் தன் மேல் வந்த குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சார்," என்றாள் எழில்மதி. "கேள்வியிலயே ரெண்டு கிலோன்னு..."

"நீ வாய மூடுடி," என்றார் பச்சையம்மாள். "கேள்வி அவுங்களுது." சாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், அது பண்ணது தப்புன்னா ரெண்டு அடி போட்டாவது சொல்லிக் குடுங்க. கப்பிக்கு இன்னா எழுதச் சொல்றீங்களோ அத எழுதும். சீட்ட மட்டும் எடுத்துடாதீங்க. எடுத்தா எங்கண்ணன் திருப்பூருக்குத் தள்ளிக்கினு போயிடும்."

சார் உருகிவிட்டார். பெருந்தன்மையான தீர்ப்பு ஒன்றை வழங்கினார். மறுநாள் காலைக் கூட்டத்தில் எழில்மதி தனியாக மைக் முன்னால் நின்று உறுதிமொழியைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"அவ்ளோதானா சார்?" என்று பச்சையம்மாள் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டார். அவ்வளவுதான் என்று சாரும் இரண்டு முறை சொன்னார்.

அன்று மாலை பஸ் ஏறும்வரை அம்மா மகளிடம் பேசிய பேச்சு என் காதில் விழுந்தது. "உனுக்கு இன்னாடி போவுது? அந்தக் கப்பி இன்னா உன் மாமியாரா? இல்லன்னு சொல்லிட்டு வா. டாக்டராயிட்டு வந்து இருக்குதுன்னு சொல்லிக்கோ. யாரு கேக்கப் போறா."

எழில்மதி டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.

காலைக் கூட்டம். கீழ் பேட்ச், மாடி பேட்ச், எல்லோரும் வெயிலில். பச்சையம்மாளுக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள், போட்டோவுக்காக. எழில்மதி மைக் முன்னால் வந்தாள். மைக் ஒரு முறை வீலென்று கத்திவிட்டு அடங்கியது.

"கப்பிக்கு நிறை கிடையாது," என்றாள். "கயிறு நீளாது. உராய்வு என்பது இல்லவே இல்லை."

பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர் அறிவிப்பார்களே, அப்படிச் சொன்னாள். பச்சையம்மாள் மூச்சை விட்டார், அது எனக்குத் தெரிந்தது. சார் கைதட்ட, எல்லோரும் தட்டினோம். பிறகு அவர் மைக்கைத் தன் உயரத்துக்குத் திருகிக்கொண்டார்.

"இந்த மாணவியின் நேர்மையை நான் வணங்குகிறேன். செய்த தவறை இத்தனை பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனம் வேண்டும். ஆகவே, அவர் எழுதிய விடை தவறு என்பது இப்போது அவர் வாயாலேயே உறுதியாகிவிட்டது. விடை தவறென்றால் மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லையென்றால் விதிப்படி இலவச இருக்கை இல்லை. இவர் வாதாடிக்கொண்டிருந்தாலாவது நான் பரிசீலனை என்று தள்ளிப்போட்டிருப்பேன். இவருடைய நேர்மை அதற்கும் இடம் கொடுக்கவில்லை. நான் விதியை வளைத்தால் நீங்கள் என்னை மதிப்பீர்களா?"

"மாட்டோம் சார்," என்றது கூட்டம். பழக்கம்தான். இடது கையை இறக்கக்கூடச் செய்தார்கள் சிலர்.

சால்வை வந்தது. பச்சையம்மாள் தோளில் சார் அதைப் போர்த்தினார். கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், அவர் சாரைப் பார்த்தார்.

"அதான் சொல்லிட்டாளே சார்," என்றார்.

"சொன்னதாலதாம்மா," என்றார் சார், மிகவும் அன்பாக.

பஸ் ஸ்டாண்டுவரை நான் கூடப் போனேன். கச்சிராயபாளையம் பஸ் வரவில்லை. பச்சையம்மாள் சால்வையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எழில்மதி தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து இடது உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேனா மை போகவில்லை. நல்ல பேனா போல.

"அண்ணா, மூணுதானே?" என்றாள்.

"மூணுதான்," என்றேன். பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். அகாடமியில் இதைச் சொல்லியிருக்கலாமே என்பது போல அவள் என்னைப் பார்க்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

ஒளி பேட்ச் விளம்பரத்துக்காக முன்பே அவள் முகம் போட்டு அடித்திருந்த ஃப்ளெக்ஸ் ஒன்று பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே வெயிலில் இருந்தது. 'மலையடிவார ஒளி, உங்கள் பிள்ளையும் ஒளிரட்டும்.' அடித்த ஃப்ளெக்ஸை வீணாக்க வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அவள் திருப்பூர் போன பிறகும் அது அங்கேயேதான் இருந்தது, அட்மிஷன் நன்றாக நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த தேர்வின் கேள்வித்தாள் கட்டைச் சார் வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். வெளிக்கதவு திறந்திருந்தது. கூடத்துக்குள் போகாமல் செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றேன். சாப்பாட்டு மேஜையில் சாருடைய மகள் சுபஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். ஏ.சி. பேட்சில் எப்போதும் முதலிடம். முன்னால் ஒரு வெள்ளைத்தாள், முகம் அழுதது போல இருந்தது.

"கழிச்சு, கூட்டி, பத்தால பெருக்கிட்டேம்பா. ஆன்சர் வரவே மாட்டேங்குது."

"அதெல்லாம் வராதுடா கண்ணு," என்றார் சார். மேடையில் பேசுவது போல இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. குரல் நன்றாகவே இருந்தது, ஒரு நல்ல ஆசிரியரின் குரல். "அவசரப்படாத. கப்பிக்கும் நிறை இருக்குல்ல? அதையும் சேத்துதான சுத்தணும்?"

காபி குடித்து முடித்திருந்த டம்ளரை எடுத்தார். வேட்டி நுனியால் அதன் விளிம்பைத் துடைத்தார். தாளின் நடுவில் கவிழ்த்து வைத்து, நகராமல் இடது கையால் அழுத்திக்கொண்டு, பென்சிலால் அதைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டார்.